இருட்டறைக்குள் வந்த தெரு



நல்ல வெயில் நேரத்தில் வீட்டின் ஓர் அறையை முழுவதுமாக இருட்டாக்குங்கள். வெளிச்சம் நுழைவதற்கு ஒரே ஒரு சிறு துளையை மட்டும் விட்டுவையுங்கள். கண்கள் இருளுக்குப் பழகியதும் எதிர்ச்சுவரைப் பாருங்கள். எதிர்வீடும், மரமும், வானமும் அங்கே தலைகீழாகத் தொங்கும்! இதற்கு மின்சாரம் வேண்டாம்; கருவி வேண்டாம்; இதில் மாயமும் இல்லை.

'ஒளி நேர்கோட்டில் செல்லும்' என்று நாம் அனைவரும் பள்ளித் தேர்வில் எழுதியிருக்கிறோம். கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் சொல்லிவரும் நானும் எழுதியவன்தான். எழுதினேனே தவிர, கண்ணால் கண்டதில்லை. அந்த ஒரு வரியைக் காட்சியாக்குவதையே தம் கலையாக்கிக்கொண்ட ஒருவரைத் தங்களுக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வகுப்பறையில் தொடங்கிய விளையாட்டு

அவர் பெயர் அபெலார்டோ மொரெல். 1948ஆம் ஆண்டு கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிறந்தவர். 1962இல் தம் குடும்பத்தாருடன் தாயகத்தைத் துறந்து அமெரிக்கா சென்றார். பிற்காலத்தில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் கலைக் கல்லூரியில் புகைப்படக்கலை ஆசிரியரானார்.

புதிய மாணவர்களுக்குக் கேமராவின் தத்துவத்தை எப்படி விளக்குவது? அவர் கரும்பலகையை நாடவில்லை. வகுப்பறைச் சன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் மூடி, அதில் சிறு துளையிட்டார். தெருவில் ஓடிய வாகனங்கள் வகுப்பறைச் சுவரில் தலைகீழாக ஓடின. மாணவர்கள் வியந்து நின்றனர். கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கு 'அறை' என்பதே பொருள். அவர்கள் அன்று கேமராவுக்குள்ளேயே அமர்ந்திருந்தார்கள்!

1991ஆம் ஆண்டு இந்த விளையாட்டைத் தம் வீட்டிற்கும் கொண்டுவந்தார் மொரெல். படுக்கையறைச் சன்னலை மூடி, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத் துளையிட்டார். எதிர்வரிசை வீடுகள் சுவரில் தலைகீழாக விழுந்தன. அறையையும் அக்காட்சியையும் சேர்த்துப் படமெடுத்தார். அடுத்து மகனின் அறை. பிறகு ஊர் ஊராக, நாடு நாடாகப் பல அறைகள். 1994இல் எடுத்த ஒரு படத்தில், நியூயார்க்கின் உயர்ந்த எம்பயர் ஸ்டேட் கட்டடம் யாரோ ஒருவரின் படுக்கையின்மீது தலைகீழாகச் சாய்ந்து கிடக்கிறது!

ஏன் தலைகீழாக?

காரணம் எளிது. மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி சாய்வாக இறங்கித் துளைக்குள் நுழைகிறது. வளையாமல் அப்படியே சென்று சுவரின் அடிப்பகுதியில் விழுகிறது. வேரடியிலிருந்து வரும் ஒளியோ மேல்நோக்கிச் சென்று சுவரின் மேற்பகுதியில் படுகிறது. இடமும் வலமும் அவ்வாறே மாறுகின்றன. துளை பெரிதானால் காட்சி பிரகாசிக்கும். ஆனால் தெளிவு குறையும். சிறிதானால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும்.

இத்தகைய மங்கிய வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் பதிவாக மொரெலுக்குப் பல மணி நேரம் ஆயிற்று. சில படங்களுக்கு எட்டு மணி நேரமும் தேவைப்பட்டது. அதற்குள் வீதியில் விரைந்து சென்றவர்கள் எவருமே படத்தில் பதியவில்லை. அசையாது நின்றவை மட்டுமே நிலைத்தன. பொறுமையைப் பற்றி எத்தனையோ உபதேசம் கேட்டிருக்கிறோம். பொறுமையைப் படமாகக் காண்பது அரிது அல்லவா?

பின்னாளில் அவர் துளையில் வில்லையையும் முப்பட்டகத்தையும் பொருத்திக் காட்சியை நிமிர்த்தினார், வண்ணத்திலும் படமெடுத்தார். ஒளி புகாத கூடாரம் ஒன்றை அமைத்து, அதன் உச்சியில் பெரிஸ்கோப் போன்ற அமைப்பை வைத்து, சுற்றியுள்ள மலையையும் நகரையும் வெறும் தரையின்மீதே விழச் செய்தார். புல்லும் சரளைக்கல்லும் அவருக்குத் திரையாயின.

பெருமை போதுமா?

துளைவழியே உருவம் விழுவது மொரெலின் கண்டுபிடிப்பன்று. சீன அறிஞர்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இதைக் குறித்திருக்கிறார்கள். ஆனால், பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார். இருண்ட இடத்தின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே ஒவ்வொரு விளக்கிற்கும் தனித்தனி ஒளிப்புள்ளி தோன்றியது. ஒரு விளக்கை மறைத்தால், அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. பல ஒளிகள் ஒரே துளையில் நுழைந்தும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை! 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவரது நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாக விளங்கியது.

இதைக் கூறி நாம் மேடைதோறும் பெருமை கொள்கிறோம். கொள்ளட்டும். ஆனால், அந்த மேதை விளக்கை மறைத்துப் பார்த்ததுபோல நம் இல்லங்களில் ஒரு பிள்ளையேனும் செய்து பார்த்ததுண்டா? முன்னோரின் பெயரை மனனம் செய்வது எளிது. அவர்களுடைய கேள்வியை நம் கேள்வியாக்கிக்கொள்வதே கடினம். அக்கேள்வியைக் கையிலெடுத்து மகிழ்ந்தவர் எங்கோ இருக்கும் ஒரு கலைஞர். 'வீண் விளையாட்டு' என்று பிள்ளைகளை அதட்டுவதற்கு முன், நாம் சற்றே சிந்திக்க வேண்டாமா?

அண்மையில் என் வகுப்பறைச் சன்னலைக் கறுப்புத் தாளால் மூடித் துளையிட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகள் சிரித்தனர். சில நிமிடங்கள் கடந்தன. ஓதச் சொன்னால் தலைகுனிந்தே நிற்கும் பின்வரிசைச் சிறுவன் ஒருவன் திடீரெனக் கூவினான்: "ஹஜ்ரத்! சுவத்துல இலை அசையுது!" அன்று முழுவதும் அவன் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

தங்கள் இல்லத்திலும் செய்து பாருங்கள். ஒரு கறுப்புத் தாளும், ஒரு சிறு துளையும், எதிரே ஒரு வெள்ளைச் சுவரும் போதும். துளை வழியே சூரியனை மட்டும் நேரே பார்க்க விடாதீர்கள். பிள்ளைகளை உடன் அமர்த்தி, சற்றே பொறுத்திருங்கள். தெரு தானாகவே உள்ளே வரும். அதன் பின்னால் கேள்விகளும் வரும்; அவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்!