கப்பல் ஏறும் மதுக்கடை!

மதுக்கடை கப்பலில் போகுமா? போகிறது! அயர்லாந்து நாட்டில் இருந்து போகிறது.

அங்கே மதுக்கடைக்கு "பப்" என்று பெயர். அதை வெளிநாடுகளில் அமைத்துக் கொடுக்கவே ஒரு கம்பெனி இருக்கிறது. அதைத் தொடங்கியவர் மெல் மெக்னாலி என்ற கட்டிடக் கலைஞர். 1990-க்குப் பிறகு இந்த வியாபாரம் சூடு பிடித்தது. 1759-ல் டப்ளின் நகரில் தொடங்கிய கின்னஸ் மது ஆலை இதற்குத் துணை நின்றது.

மேஜை, பலகைத் தடுப்பு, விளக்கு எல்லாம் அயர்லாந்திலேயே தயார் ஆகும். கப்பலில் ஏறும். போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டி விடுவார்கள். குடிசை மாதிரி வேண்டுமா? பழைய மளிகைக்கடை மாதிரி வேண்டுமா? கேட்டபடி கிடைக்கும்!

மளிகையும் மதுவும்

மளிகைக்கடை மாதிரி ஏன்? அயர்லாந்து கிராமங்களில் அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே கடைதான். முன்னால் தேயிலை, சர்க்கரை. பின்னால் மது. ஓரத்தில் ஒரு சின்ன அறை. பிறர் கண்ணில் படக் கூசிய பெண்கள் அங்கே அமர்ந்தார்கள். ஃபெதர்டு என்ற ஊரில், மெக்கார்த்தி கடைக்காரர்கள் சவ அடக்க ஏற்பாடும் செய்து வந்தார்கள்!

குடியை விட்டுத் தள்ளுங்கள். ஊர்ச்செய்தி, பாட்டு, பிடில் வாசிப்பு எல்லாம் அங்கேதான். வெளிநாட்டார் ஆசைப்படுவதும் இதற்குத்தான். மேஜை கப்பலில் போகும். பக்கத்து வீட்டுக்காரர் போவாரா?

இன்னொரு வேதனை. அயர்லாந்திலேயே பப்கள் குறைகின்றன. 2005-க்குப் பிறகு சுமார் 2,000 பப்கள் மூடப்பட்டன. கிராமங்களில்தான் அடி அதிகம்.

தனியாக வாழும் கிழவர் மாலையில் எங்கே போவார்? பாவம், பேச்சுத் துணைக்கு யாரைத் தேடுவார்?