பள்ளிச் செயலியில் பிள்ளையின் விவரங்கள்

மும்பை கிங்ஸ் சர்க்கிளும் அதையடுத்த மாட்டுங்காவும் தமிழர்க்கு நெடுநாளைய உறைவிடங்கள். 1932இல் தொடங்கப்பெற்ற சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, இங்கு வாழ்ந்த தென்னிந்தியரின் கல்வி ஆர்வத்திற்குச் சான்று. அக்காலத்தில் மாணவரின் பெயரும் பிறந்த தேதியும் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்பெற்றுப் பள்ளி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டன. இன்றோ அவ்விவரங்கள் கற்றல் செயலிகளின் வழியே, நாம் கண்டிராத கணினிகளைச் சென்றடைகின்றன.

2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி முற்றிலும் நின்றுவிடாமல் காத்தவற்றுள் இக்கருவிகளும் அடங்கும். அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும், 2023 சனவரியில் வெளியான செய்தி நம்மை எச்சரித்தது. மத்திய அரசின் திக்ஷா கல்வித் தளத்தின் தரவுகள் இருந்த சேமிப்பகம் ஒன்று, ஓராண்டுக்கும் மேலாகப் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி முதலிய விவரங்களும் அதில் இருந்தன.

வங்கி இதழில் இதனை எழுதக் காரணம் உண்டு. பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி, "கட்டணம் பாக்கியுள்ளது" என்று ஒருவர் அழைத்தால் நம்மில் பலர் நம்பிவிடுவோம். பள்ளியில் நாம் தந்துள்ள கைப்பேசி எண்ணே பெரும்பாலும் வங்கிக் கணக்கோடும் இணைந்துள்ளது. மேலும், 10 வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவித்துள்ளது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சிறாரை இலக்காக்கும் விளம்பரங்களையும் தடுக்கிறது. இக்கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆயினும் கல்விப் பணிகளுக்காகப் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. எனவே, நம் விழிப்பும் தேவை.

செயலியைப் பள்ளியே பரிந்துரைத்ததா என்று உறுதி செய்துகொள்வோம். பாடத்திற்குத் தேவையற்ற இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவற்றுக்கான அனுமதியை மறுப்போம். வகுப்புகளுக்கெனத் தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வோம். ஆதார் நகல் தர நேர்ந்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஏற்பார்களா என்று கேட்போம். மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிராதிருப்போம். யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் கூறாதிருப்போம். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிப்போம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நாம் பணிவோடு கேட்க வேண்டியவை மூன்று: எந்த விவரம் பெறப்படுகிறது, எதற்காக, எவ்வளவு காலத்திற்கு?