நிரல் அறியாதோரும் இணையக் கடை அமைக்கலாம்

நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20), நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35.22 லட்சம் பேர் நம் நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். இவர்களுள் பலர் தாம் நெய்த துணியை நேரே விற்க வழியின்றி வணிகரையே சார்ந்துள்ளனர். இந்நிலையை இணையக் கடை ஓரளவு மாற்றக்கூடும்.

முன்னர் இத்தகைய கடைக்குக் கணிப்பொறி நிரல் எழுத வல்லவரின் துணை தேவைப்பட்டது. ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற ஆயத்த மென்பொருள்கள் அத்தேவையைப் பெரிதும் நீக்கிவிட்டன. முன்னது மாதக் கட்டணத்தில் இயங்குவது. பின்னது இலவசமானது, எனினும், தளத்தின் பெயருக்கும் அதைத் தாங்கும் சேவைக்கும் தனியே பணம் செலுத்த வேண்டும். படம், விலை, இருப்பு ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பினால் விற்பனைப் பக்கம் உருவாகிவிடும். பணம் பெற்றுத் தரும் சேவை நிறுவனம் ஒன்றில் வங்கிக் கணக்கைப் பதிவு செய்தால், யு.பி.ஐ. வாயிலாகவும் பணம் பெறலாம்.

வாங்குவோரின் நம்பிக்கை

மத்தியப் பிரதேசத்தின் சந்தேரிச் சேலை 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆங்குள்ள நெசவாளர் சங்கம் ஒன்று இணையக் கடை தொடங்குவதாகக் கொள்வோம். வாங்குபவர் சேலையைத் தொட்டுப் பார்க்க இயலாது. ஆகவே, பாவு பட்டா பருத்தியா, ஊடை எது, நீளம் எவ்வளவு, துவைக்கும் முறை என்ன என்பனவற்றைத் தெளிவாகக் குறிப்பிடல் வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே உண்மை நிறத்தைக் காட்டும்.

குறைகளைக் கேட்கவும் ஏற்பாடு தேவை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துள் தீர்வு காண வேண்டும்.

விலையும் கணக்கும்

ஒரு சேலையை அனுப்ப 150 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். பத்துச் சேலைகளை அனுப்ப 1,500 ரூபாய். அவற்றுள் ஒன்று திரும்பினால் மேலும் 150 ரூபாய். விற்ற ஒன்பது சேலைகளே இந்த 1,650 ரூபாயையும் சுமக்க வேண்டும். அதாவது, சேலை ஒன்றுக்கு ஏறத்தாழ 183 ரூபாய். இதனை விலையில் சேர்க்கத் தவறினால், இழப்பு நெசவாளரின் கூலியையே குறைக்கும். சேவைக் கட்டணம், வரி, விற்காத சரக்கில் முடங்கும் மூலதனம் ஆகியனவும் கணக்கில் சேர வேண்டும்.

எனவே, பயிற்சி அளிக்கும் அலுவலர்கள் தளம் அமைப்பதைக் கற்பிப்பதுடன் நின்றுவிடலாகாது. அடக்கவிலை கணித்தல், சரக்கை விவரித்தல், புகாருக்கு விடையளித்தல் ஆகிய மூன்றையும் கற்பித்தால்தான் கடை நிலைத்து நிற்கும்.