உஷார்! தறி வீட்டுக்குப் பூனைக்குட்டி வருகிறதா?

பூனைக்குட்டி தத்து எடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

‘துறுதுறுன்னு விளையாடும். மடியை விட்டு இறங்காது.’ தெருவில் கிடந்த குட்டிகளை மீட்டுத் தங்கள் வீட்டிலேயே தேற்றுகிற ஃபாஸ்டர் ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தத் துறுதுறுப்புதான் காஞ்சிபுரத்து வீட்டில் எமன்! நம் ஊரில் எங்கே திரும்பினாலும் நூல் அல்லவா?

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறி வீடு. பேர் வேண்டாம். ஆசை ஆசையாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். தறிக்குழிக்குள் உருளும், நூல் சுற்றிய தார்க்குச்சியைத் துரத்துவதுதான் அதற்கு விளையாட்டு. வீடே பார்த்துச் சிரித்தது. ஒரு நாள் காலை சோற்றைத் தொடவில்லை. நுரை நுரையாக வாந்தி. “சூடு பிடிச்சிருக்கும், விளக்கெண்ணெய் கொடுங்க” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுத்தார்கள். மறுநாள்தான் டாக்டரிடம் போனார்கள். அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். அடியில் அரக்கு நிறத்தில் ஒரே ஒரு பட்டு இழை. ஒரு சுற்று நாக்கில், மீதியெல்லாம் குடலுக்குள். வயிற்றைக் கிழித்தும் குட்டி பிழைக்கவில்லை.

ஒரே ஒரு இழைதான்!

பூனை நாக்கின் முட்கள் உள்பக்கமாகச் சாய்ந்தவை. வாயில் ஏறிய நூலைத் துப்புவது கஷ்டம், விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால், குடல் தள்ளத் தள்ள நூல் நகராது. குடல்தான் நாடா இழுத்த பாவாடை மாதிரி சுருங்கும். இறுகிய நூல் குடலை அறுத்து ஓட்டை போட்டுவிடும். பட்டு லேசில் அறுகிற இழையா? ஜரிகையோ வெள்ளி சுற்றிய இழை!

“எங்க வீட்டில் தறி இல்லையே” என்கிறீர்களா? முந்தானைக் குஞ்சம் கட்டுவீர்கள். ஃபால்ஸ் தைப்பீர்கள், ஊசியோடு நூலை விழுங்கும் குட்டிகளும் உண்டு. காமாட்சியம்மன் கோயிலில் வாங்கி வந்த மாலை காய்ந்து சாமி படத்தில் தொங்கும். பூ உதிர்ந்தால் மிச்சம் என்ன? நூல்தான்.

இந்த அறிகுறிகளைப் பார்த்தால் உஷார்!

• திரும்பத் திரும்ப வாந்தி
• சோறு, பால், மீன் எதையும் தொடாமை
• எச்சில் ஒழுகுதல், வாயைக் காலால் தேய்த்தல்
• கட்டிலடியில் போய் ஒடுங்குதல். தூக்கினால் வயிறு வலித்துக் கத்துதல்
• வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிதல்

நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள்! இழுத்தால் உள்ளே குடல் அறுபடும். விளக்கெண்ணெய் வேண்டாம். வாழைப்பழம் வேண்டாம். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே கொல்லும். அந்த நிமிஷமே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். உள்ளூரில் ஆபரேஷன் முடியாது என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள பெரிய கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். 70 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி வரை பார்ப்போம் என்று இருந்தால் முடிந்தது கதை.

குட்டியை வாங்கும் முன்னாடியே ஃபாஸ்டர் வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள். “நூலைக் கண்டால் என்ன செய்யும்? கடித்து மெல்லுமா?” கூடவே வைத்து வளர்த்தவருக்கு இது தெரியும். தெரியாமல் மழுப்பினால் சந்தேகப்படுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கக் கூடாது, முதலில் பணம் அனுப்பு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தடுப்பூசி அட்டை எங்கே? அதையும் கேளுங்கள். பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோயிலும் இதே வாந்தி, இதே சோர்வு வரும். குட்டிகளைக் கொத்தாக வாரிக்கொண்டு போகும். அதற்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போட வேண்டும். ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு மேல். விளையாட்டாகக் கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘குட்டிதானே’ என்று விடாதீர்கள்.

சரிப்படாவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வார்களா? அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கோயில் வாசலில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பசியில் தவிக்க விட்டுவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பூனை வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக வளருங்கள். ஆனால் தறி இருக்கும் அறைக்குக் கதவோ வலையோ போடுங்கள். தார்க்குச்சிகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அறுந்த இழைகளை ராத்திரி படுக்கும் முன் கூட்டி அள்ளுங்கள். விளையாடப் பந்து கொடுங்கள், நூல்கண்டு கொடுக்காதீர்கள். இத்தனையும் செய்ய முடியாத வீடா? அப்படியானால் தயவுசெய்து அந்தக் குட்டியை வேறு வீட்டுக்குப் போக விடுங்கள்.