பழைய மூங்கில் தூண்டிற்கோலை வளைக்கலாமா?

செயற்கை ஈயை முள்ளில் கட்டி ட்ரவுட் மீன் பிடிக்கும் பழைய மூங்கில் தூண்டிற்கோல்களைச் சேகரிப்பவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் நிறைய இருக்கிறார்கள். எவரெட் கேரிசன், ஜிம் பெய்ன் போன்ற கைவினைஞர்களின் பெயர் தாங்கிய கோல் ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை ஆற்றுக்குக் கொண்டுபோகலாமா, அலுமினியக் குழாயில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டுமா என்பது அவர்களுக்குள் ஓயாத வழக்கு. மிக அரிய சிலவற்றைத் தவிர மற்றவற்றை ஆற்றுக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான ஆதாரம் மூங்கிலின் உடற்கூற்றிலேயே இருக்கிறது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். இந்த முறையில் முள்ளில் இருப்பது இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய, எடையே இல்லாத பொய் ஈ. இங்கே எறியப்படுவது கயிறு. அதனால் கயிறே கனமாக இருக்கும். முன்பு எண்ணெய் ஊறிய பட்டுக் கயிறு, இப்போது பிளாஸ்டிக் பூசிய கயிறு. கையின் வீச்சை வளைந்து வாங்கி, நிமிரும்போது அந்தக் கயிற்றுக்குக் கொடுப்பது கோலின் வேலை. ஆகவே அது எந்த இடத்தில் எவ்வளவு வளைகிறது என்பதுதான் அதன் குணம். செய்பவர் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு பிளாச்சையும் 60 பாகைக் கோணமுள்ள முக்கோணமாக இழைப்புளியால் சீவி, ஆறு பிளாச்சுகளைச் சேர்த்து ஒட்டுகிறார். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பொந்தில்லாத அறுகோணம் தெரியும். மூங்கில் சுவரில் நார்க்கற்றைகள் சீராகப் பரவியிருப்பதில்லை. தோலுக்கு அடியில் நெருக்கமாகவும், உள்ளே போகப் போக அரிதாகவும் இருக்கும். வளைகிற கோலிலும் இழுவிசையும் அமுக்கமும் உச்சத்தில் இருப்பது வெளிப்பரப்பில்தான்; நடு அச்சில் இரண்டும் பூஜ்யம். ஆறு பிளாச்சுகளின் தோற்பக்கத்தையும் வெளியே வைத்து, உட்புறத்து மென்பகுதியைச் சீவி எறிந்துவிடும் கைவினைஞர், வலு தேவைப்படும் இடத்தில் மட்டும் வலுவை நிறுத்துகிறார்.

அமெரிக்காவில் இந்த வேலையின் தொடக்கத்தை 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் துப்பாக்கி செய்துவந்த சாமுவேல் ஃபிலிப்பியோடு சேர்த்துப் பேசுவார்கள். அதைப் பட்டறைத் தொழிலாக்கியவர் மெய்ன் மாநிலத்து ஹைரம் லியோனர்ட்; 1870களில் பிளாச்சைச் சாய்வாகச் சீவ இயந்திரம் அமைத்தார். அன்று அவர்களுக்கு மூங்கில் கல்கத்தா துறைமுகத்திலிருந்து போயிற்று. நம் காடுகளிலும் வளரும் கல்மூங்கில் இனமே அது என்று கொள்ளப்படுகிறது. பிறகு தெற்குச் சீனாவின் குவாங்டோங் பகுதியில், நீண்ட கணுவிடைகளும் தடித்த நார்ச்சுவரும் கொண்ட வேறொரு மூங்கில் டோன்கின் என்ற வணிகப் பெயரோடு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஃபிலாய்ட் மெக்ளூர் என்ற தாவரவியலாளர் அதற்கு 1931இல்தான் அறிவியல் பெயர் சூட்டினார். 1950இல் கொரியப் போரின்போது சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது நீடித்தது. கண்ணாடி இழைக் கோல்கள் அந்த இடைவெளியில் புகுந்தன. 1970களில் கார்பன் இழை வந்தது. பழைய மூங்கில் கோல் சேகரிப்புப் பொருளாக மாறியதற்கு இந்த வரலாறு ஒரு பெருங்காரணம்.

பூட்டிவைப்பவர்களின் முதல் வாதம் வலுவானது. ஒவ்வொரு வளைவும் நாரைக் களைக்க வைக்கும், எத்தனை முறை வளையும் என்பதற்கு எல்லை உண்டு, அதை ஏன் செலவழிக்க வேண்டும் என்கிறார்கள். உலோகக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவது உண்மை. ஆனால் மூங்கில் உலோகமல்ல. லிக்னினில் பதிந்த நீண்ட செல்லுலோஸ் நார்களால் ஆனது. அதில் எழும் சிறு விரிசல் குறுக்கே ஓடாமல் நாரின் போக்கில் திசைமாறி அடங்கிவிடும். மீள் எல்லைக்குள் வளைக்கும்வரை, மூங்கில் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். நிரந்தரக் கோணல் எப்போது விழுகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சுவரில் சாய்த்து நாள்கணக்கில் விட்டால் விழும். பாறையில் சிக்கிய முள்ளைக் கோலாலேயே இழுத்தால் விழும். ஈரம் ஏறி இறங்கும் நேரத்தில் பாரமும் சேர்ந்தால் விழும். இவை எல்லாம் நீடித்த சுமையின் விளைவுகள். ஒரு வீச்சில் கோல் வளைந்திருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. செய்தவர்களே இதை அறிந்திருந்தார்கள். பெரும்பாலான கோல்களுக்கு இரண்டு நுனித் துண்டுகள் சேர்த்துக் கொடுத்தார்கள். உடைந்தால் மாற்றிக்கொள்ளவும், முறைவைத்துப் பயன்படுத்தவும்.

பூட்டிவைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கைக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. பழைய கோல்கள் பலவற்றில் பிளாச்சுகளை ஒட்டியது தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரம். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் நொறுங்கும். ஈரத் துணிப்பையோடு குழாயில் மூடிவைத்த கோல் பூஞ்சை பிடித்து, வார்னிஷ் கொப்பளித்து, ஒட்டு விட்டுப்போகும். வெயிலில் நிற்கும் காரில் அடைத்து வைப்பதும் கிட்டத்தட்ட அதே அழிவுதான். கோலின் துண்டுகளை இணைக்கும் நிக்கல் வெள்ளிப் பூண்களில் பச்சைக் களிம்பு ஏறினால் அவை இறுகிக்கொள்ளும். மூடிய குழாய்க்குள் இத்தனை நடந்தாலும் வெளியே தெரியாது. அவ்வப்போது எடுத்துத் துண்டுகளைப் பொருத்தி, வீசி, துடைத்து, காற்றில் உலரவிட்டுத் தொங்கவிடுபவர், ஒட்டு விட்ட இடத்தை முதல் வீச்சிலேயே கையில் உணர்ந்துவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சேகரிப்பாளர்களோடு முழுமையாக உடன்படுகிறேன்: பழைய பூச்சைத் தொடக்கூடாது. அவர்கள் இதை அசல் தன்மை கருதிச் சொல்கிறார்கள்; இயற்பியல் அதைவிடக் கடுமையாகச் சொல்கிறது. திண்ணிய கோலின் விறைப்பு அதன் பருமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நுனியில் 1.8 மில்லிமீட்டர் பருமனுள்ள கோலை உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சை எடுக்கையில், மூங்கிலிலும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு தலைமுடிப் பருமன், அதாவது 0.05 மில்லிமீட்டர் எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 1.7 மில்லிமீட்டர். விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கணக்கு அதோடு முடியவில்லை. போன பகுதி நார் மிக நெருக்கமாக இருந்த வெளித்தோல் என்பதால் உண்மையான இழப்பு இன்னும் அதிகம். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று ஆர்வத்தோடு உப்புத்தாளை எடுப்பவர், கோலைச் செய்தவரின் வடிவமைப்பையே அழிக்கிறார். பல ஆண்டுக்கால மீன்பிடிப்பு செய்யாத கேட்டை ஒரு பிற்பகல் மராமத்து செய்துவிடும்.

அப்படியானால் அளவுகளைக் குறித்துக்கொண்டு புதுக் கோல் செய்து பயன்படுத்தலாமே, அசல் அலமாரியில் இருக்கட்டுமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கேரிசன் கட்டுமானப் பொறியாளர். கோலின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு தகைவு விழ வேண்டும் என்று கணக்கிட்டு அதற்கேற்பப் பருமனை வகுத்தார். அவர் 1975இல் இறந்த பிறகு, ஹோகி கார்மைக்கேல் 1977இல் அந்த முறையை நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளில் மூங்கில் கோல் செய்பவர்கள் பலருக்கு அதுவே பாடநூல். ஐந்து அங்குலத்துக்கு ஓர் அளவு வீதம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை எழுதிவைத்த பட்டியல்கள் கைமாறுகின்றன. ஆனால் பட்டியல் வடிவத்தைத்தான் தரும். அந்த மூங்கிலின் நார் அடர்த்தி, எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வாட்டி ஈரம் போக்கினார்கள், கணுக்களை எப்படித் தள்ளித் தள்ளி அமைத்தார்கள், என்ன பசை என்பவை அதில் இல்லை. ஒரே பட்டியலை வைத்து இருவர் செய்தால் இரண்டு விதமாக வளையும். பிரதி சரியாக வந்திருக்கிறதா என்று அறிய அசலை வளைத்துப் பார்ப்பதைத் தவிர வழி கிடையாது.

கார்பன் இருக்கும்போது மூங்கில் எதற்கு என்பது வேறு திசையிலிருந்து வரும் மறுப்பு. தூரம் எறிய, எதிர்காற்றில் எறிய, பெரிய ஆற்றில் நாள் முழுதும் கை வலிக்காமல் நிற்கக் கார்பனே மேல். ஒன்பது அடிக் கார்பன் கோல் 100 கிராமுக்குள் அடங்கும். அதைவிடக் குட்டையான மூங்கில் கோல்கூடப் பெரும்பாலும் அதைவிடக் கனம். ஆனால் மரக்கிளை தாழ்ந்த சிற்றோடையில், ஆறேழு மீட்டர் தொலைவில், மெல்லிய நரம்பில் ஈயை ஓசையின்றி இறக்க வேண்டிய இடத்தில் கயிறு கொஞ்சமே வெளியே இருக்கும். விறைத்த கோல் அந்தச் சிறு எடைக்கு வளையாது. கனமான மூங்கில் தன் எடையாலேயே சற்று வளைந்து, மெதுவாக நிமிர்ந்து அந்த வேலையைச் செய்யும். மீன் திடீரென இழுக்கும்போது அதிர்ச்சியைத் தானே வாங்கி நரம்பை அறவிடாது. இந்தப் பயன் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கேரிசன் தம் வாழ்நாளில் செய்தவை சில நூறு கோல்கள்தான். அத்தகையவற்றில் தீண்டப்படாத ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டரில் இந்த மீன்பிடி முறைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1968 முதல் இருக்கிறது. ஹெட்டன், கிரேஞ்சர், சவுத் பெண்ட் போன்ற ஆலைகள் பெருந்தொகையாகச் செய்த கோல்களுக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை. நீலகிரியில் ட்ரவுட் குடியேற்றப்பட்ட இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்கே மீன்பிடித்த ஆங்கிலேயர் காலத்துக் கருவியும் இத்தகைய பிளாச்சுக் கோல்தான். மலைவீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பூணைத் திருகாமல் நேராக இழுத்துப் பிரித்தெடுங்கள். ஒட்டு விட்டிருக்கிறதா, பட்டுநூல் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவுகளை எழுதிவையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், முள்ளில்லாமல் இலேசான கயிறு ஒன்றை மட்டும் மாட்டி, புல்வெளியில் நிதானமாக வீசிப் பாருங்கள்.