நிலைகொள்ளாத பிள்ளைகள்

"இவனுக்குப் படிப்பு ஏறாது, இருந்த இடத்தில் இருக்கமாட்டான், இரண்டு வருஷம் போகட்டும், தறியில் உட்கார்த்திவிடலாம்." நம் அங்கத்தினர் வீடுகளில் இப்பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இவ்வாறு தீர்ப்பு எழுதிவிடுவது எவ்வளவு எளிதாயிருக்கிறது! அத்தகைய பிள்ளைகளுள் சிலரிடம் காண்பது குறும்பன்று; மூளை வளர்ச்சியைச் சார்ந்த ஒரு குறையாகும்.

மருத்துவர்கள் இதனை ஏ.டி.எச்.டி. என்பர், கவனக் குறைவும் மிகையான துடிப்பும் சேர்ந்த கோளாறு என்பது பொருள். அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி 1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் சொற்பொழிவாற்றினார். பெரும்பாலும் பரம்பரையாக வருவது இது. தாயின் செல்லத்தால் விளைவதன்று. ஆயினும் ஓடியாடும் பிள்ளைகள் யாவரும் இக்குறையுடையோர் அல்லர். அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, ஆறு மாதமேனும் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டிடங்களிலேனும் காணப்படல் வேண்டும். ஜன்னலையே பார்த்துக்கொண்டு அமைதியாய் அமர்ந்திருக்கும் சிறுமிக்கும் இது இருக்கக்கூடும். அவள் எவருக்கும் தொந்தரவு தருவதில்லை. ஆகையால் எவரும் அவளைக் கவனிப்பதுமில்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே தறியை நிறுத்தி முடிச்சிடுகிறோம். சேலை முழுதும் நெய்தபின் அறுந்த இடத்தைக் காட்டிக் கடிந்து பயன் யாது? இப்பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. மாதக் கடைசியில் வரும் மதிப்பெண் அவர்கள் மனத்தை எட்டுவதில்லை. நல்லதைச் செய்த மறுகணமே சொல்லும் ஒரு வார்த்தை எட்டுகிறது. உபாத்தியாயர் இவர்களைத் தம் அருகில் முன்வரிசையில் அமர்த்தலாம். பத்துக் கணக்குகளை மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு சமயத்தில் ஒரே கட்டளை இடலாம். இடையிடையே கரும்பலகை துடைக்கவோ நோட்டுகளை எடுத்துவரவோ எழுப்பி அனுப்பலாம். அன்றன்று இரண்டு மூன்று காரியங்களை ஒரு சீட்டில் குறித்து வீட்டுக்கு அனுப்ப, பெற்றோர் அன்றிரவே அதனைப் பார்த்து மகிழ்ச்சி தெரிவிப்பது மிக்க பயனளிக்கும் முறையாகும். விளையாட்டு நேரத்தைப் பறிப்பதோ, நம் அபிப்பிராயத்தில், தண்டனைகளிலெல்லாம் விபரீதமானது. பிரம்பைப் பற்றிப் பேசவேண்டியதேயில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதனைத் தடுத்துவிட்டது.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் மருத்துவர் முதலில் பெற்றோருக்கே பயிற்சி அளிப்பார். அதற்கு மேற்பட்டோர்க்கு மருந்தும் தேவைப்படலாம். அண்டை வீட்டார் பேச்சைக் கேட்டு அதனை நிறுத்திவிடலாகாது. 2013 முதல் நடைபெறும் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழுவினர் வருகின்றனர். அவர்கள் பார்க்கவேண்டிய குறைகளின் பட்டியலில் இதுவும் சேர்ந்துள்ளது. அவசியமாயின் மாவட்ட மையத்துக்கு அனுப்புவர். குழு வரும் தேதியைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். அன்றைக்குப் பார்த்துத் தார் சுற்றவோ களை பறிக்கவோ பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.