பொதுப் பணமும் பொதுக் கணக்கும்

உழவுத்தொழில் ஏனைய தொழில்களைப் போன்றதன்று. மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் உழவன் இழப்பெய்துவான். விளைவு பெருகினும் விலை வீழ்ந்து இழப்பெய்துவான். ஆதலின், உழவரைத் தாங்கும் பொறுப்பை உலகின் பல அரசுகள் ஏற்றுள்ளன. அவை அளிக்கும் பொருளுதவி மானியம் எனப்படும். மானியம் என்பது மக்கள் செலுத்தும் வரிப்பணமே. அஃது எவர் கையைச் சென்றடைகின்றது என்பதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டா? இவ்வினாவிற்கு ஐரோப்பிய நாடுகள் கண்ட விடை எண்ணிப் பார்த்தற்குரியது.

இரண்டாம் உலகப்போரின்போதும் அதன் பின்னரும் ஐரோப்பிய மக்கள் உணவுத் தட்டுப்பாட்டால் வாடினர். அத்துன்பம் மீண்டும் நேராதவாறு, ஆறு நாடுகள் ஒன்றுகூடி 1962-ஆம் ஆண்டில் பொது வேளாண்மைக் கொள்கையைத் தொடங்கின. விளைபொருள்களுக்கு உயர்ந்த விலை உறுதி செய்யப்பட்டது. உழவர் ஊக்கமுற்றனர்; விளைச்சல் பெருகிற்று. நாளடைவில் வெண்ணெயும் தானியமும் வாங்குவாரின்றிக் கிடங்குகளில் மலைபோற் குவிந்தன. ஆகவே, 1992-ஆம் ஆண்டில் அம்முறை திருத்தப்பட்டது. உறுதி விலை குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக, நிலப்பரப்பிற்கேற்ப உழவர்க்கு நேரே பணம் வழங்கப்பட்டது.

நிலத்தின் அளவே உதவியின் அளவாயின், பெருநிலம் உடையோரே பெரும்பங்கு பெறுவர் அன்றோ? நேரே வழங்கிய பணத்துள் ஏறத்தாழ 80 விழுக்காடு, பெறுவோருள் 20 விழுக்காட்டினரையே சென்றடைந்தது. பெயர்கள் மறைந்திருந்தவரை இவ்வேற்றுமை மக்கள் கண்ணுக்கு நன்கு புலப்படவில்லை. 2004-இல் டென்மார்க்கும், 2005-இல் அந்நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனும் பட்டியலை வெளியிட்டன. பிரிட்டனின் பட்டியலில் பெருஞ்செல்வப் பிரபுக்களும் அரச குடும்பத்தின் பண்ணைகளும் இடம்பெற்றிருந்தன. பின்னர், மானியம் பெறுவோரின் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை எல்லா உறுப்பு நாடுகளும் இணையத்தளத்தில் வெளியிடல் வேண்டும் என ஒன்றியம் 2008-இல் விதித்தது.

இவ்விதியை எதிர்த்து, ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்து உழவர் ஒருவரும் வேளாண் நிறுவனம் ஒன்றும் வழக்குத் தொடுத்தனர். ஒருவரது வருவாயை அயலார் அனைவரும் அறியச் செய்வது அவருடைய தனிவாழ்வில் தலையிடுவதாகும் என்பது அவர்தம் வாதம். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பர் 9-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பொதுப் பணத்தின் செலவை மக்களுக்குக் காட்டுதல் நன்றே. எனினும், தொகை சிறிதா பெரிதா என நோக்காமல் தனிமனிதர் அனைவரையும் ஒருங்கே வெளிப்படுத்தல் அளவு கடந்த செயல் என்று அது கூறியது. நிறுவனங்களைப் பற்றிய விதியை அது நீக்கவில்லை.

அதன்பின் 2013-இல் புதிய விதி பிறந்தது. தனிமனிதர் பெயர்களும் மீண்டும் வெளியிடப்பட்டன. ஆனால், மிகச் சிறு தொகை பெறுவோர்க்குப் பெயருக்கு மாற்றாகக் குறியீடு ஒன்றே இடப்பட்டது. தொகை காட்டப்பட்டது. வெளியிட்ட செய்திகளும் ஈராண்டுகளின் பின் நீக்கப்படும்.

பட்டியலை வெளியிடுவதனால் மட்டும் பங்கீடு நேராகிவிடாது. ஆயினும், பங்கீடு நேரிதா என்று கேட்பதற்கு மக்களுக்குக் கணக்குத் தெரிதல் வேண்டும். பொதுப் பணத்தைப் பெருமளவில் பெறும் கை பொதுமக்கள் கண்ணுக்கு மறைந்திருத்தல் ஆகாது. எளியவன் வீட்டினுள் எட்டிப் பார்த்தலும் முறையன்று. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே மக்களாட்சியின் கடமையாகும்.